கப்பல் கிணற்றில் யோசெப்பின்

ஜம்பட்டா வீதி யோசெப்பினைக் கண்டால் கடல் ஒதுங்கிப் போகும். மழை ஒதுங்காது, குழாய்த் தண்ணீர் ஒதுங்காது, கடல் மட்டும்தான். வெள்ளவத்தைக் கரையில் அவள் நடந்தால் அலை ஓடி வந்து, இரண்டு முழம் தள்ளி நின்று, வந்த வழியே திரும்பிவிடும். செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு தூரத்தில் வரும் புருஷன் பிறெடிக்கு முழங்கால்வரை நனையும், அவளுக்குச் சேலைக் கரைகூட ஈரமாகாது. கொட்டாஞ்சேனை ஆட்கள் இதைப் பற்றி இப்போது பெரிதாகக் கதைப்பதில்லை. கரண்ட் பில் கூடினதைப் பற்றித்தான் கதைக்கிறார்கள். ஆனாலும் புதிதாகக் குடிவந்தவர்கள் பேய் என்றும் செய்வினை என்றும் வாய்க்கு வந்தபடி கதை கட்டுவதால், நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுவது நல்லது. பேயும் இல்லை, ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை. அவசரத்தில் வைத்த ஒரு நேர்ச்சைதான் காரணம்.

பிறெடி துறைமுகத்தில் கடலுக்கடியில் இறங்கி வேலை செய்யும் சுழியோடி. இப்போதைய கப்பல்கள் சிலவற்றுக்கு வயிற்றுக்கு அடியில் ஒரு கால் உண்டு, நுனியில் விசிறி பூட்டிய இரும்புக் கால். நடுக்கடலில் ஒரே இடத்தில் நிற்க வேண்டிய கப்பல் அந்தக் காலைக் கீழே இறக்கி, விசிறியைச் சுழற்றி, காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் ஈடுகொடுத்து நிற்கும். வேலை முடிந்ததும் காலை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டு தன்பாட்டில் போய்விடும். கொம்பனிக்காரர் அதைத் திரஸ்டர் என்பார்கள், பிறெடி கால் என்றுதான் சொல்வார். கால் ஏறி இறங்குவதற்குக் கப்பலுக்குள்ளே ஒரு கிணறு இருக்கிறது. மேலே மூடி உண்டு, அடி கிடையாது, அந்தக் கிணற்றுத் தண்ணீரே கடல்தான். காலில் ஒயில் கசிந்தால் கப்பலைக் கரையேற்றிப் பார்க்க வேண்டும், அதற்கு இடம் கிடைக்க மாதக்கணக்காகும். ஆகவே கப்பல் மிதந்தபடியே இருக்க, சுழியோடி அடியில் போய், காலைச் சுற்றி ஓர் இரும்புப் பெட்டியைப் பொருத்தித் தண்ணீரை வெளியேற்றி, காய்ந்த இடத்தில் நின்று, ஒயில் கசியாமல் அடைக்கும் ரப்பர் சீல் வளையத்தை மாற்றுவார். இதில் பிறெடிக்கு நல்ல கைராசி.

அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. எந்தக் கப்பலில் கைவைக்க முன்னும் அதன் வயிற்றில் ஸ்பனரால் தட்டி, என்ன செய்யப் போகிறேன் என்று சொல்வார். பொரளை ஆஸ்பத்திரியில் குடல்வால் எடுக்கப் படுத்திருந்தபோது, ஊசி குத்த முன் "இப்ப குத்தப் போறன்" என்று சொல்லிக் குத்திய ஒரு நேர்ஸ் மிஸ்ஸிடமிருந்து ஒட்டிக்கொண்டது அது. சொல்லிவிட்டுச் செய்தால் நோவு பாதி என்பது அவர் கட்சி. கடலுக்கடியில் கேபிள் போடும் டொரீன் என்ற கப்பல் கொழும்புக்கு வரும்போதெல்லாம் அதன் காலைப் பார்ப்பவர் அவர்தான். நல்ல கப்பல், அடம் பிடிக்காது என்று வீட்டில் வந்து புகழ்வார். யோசெப்பினுக்கு அந்தப் பெயரே பிடிக்காது. "உங்கட டொரீன் வந்துட்டாளாம், போங்க" என்று சாப்பாட்டுப் பொட்டலத்தை டொக்கென்று மேசையில் வைப்பாள். பகிடிதான். ஆனால் அவர் திரும்பி வந்து கதவைத் தட்டும்வரை அவளுக்கு ஒரு வாய் சோறு இறங்காது, அது பகிடி இல்லை. கலியாணம் கட்டிய நாளிலிருந்து அப்படித்தான்.

கொரோனா முடிந்த அடுத்த வருஷம் டொரீனின் அடியில் பிறெடி மாட்டிக்கொண்டார். தூக்கிக் கட்டியிருந்த காலின் சங்கிலி ஒன்று வழுகி, கால் சரிந்து, அவரையும் மூச்சுக்காற்று வரும் குழாயையும் பெட்டிச் சுவரோடு சேர்த்து நசுக்கியது. மேலே அவருடைய கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவன் ஜவாத், பதினைந்து வருஷமாக அவர் கயிற்றை அவனைத் தவிர வேறு யாரும் தொட்டதில்லை. ஒரு கையில் கயிறு, மறு கையில் போனை எடுத்து யோசெப்பினுக்கு அடித்தான். அவள் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். இறாலும் கையுமாகவே கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் பக்கம் பார்த்து முழங்காலில் விழுந்தாள். எங்கள் பக்கத்தில் நேர்ச்சை வைக்காத வீடு கிடையாது. வேதக்காரர், சைவக்காரர், சிங்கள ஆட்கள் எல்லோரும் செவ்வாய்க்கிழமை அந்தோனியாரிடம் போகிறவர்கள்தான். மெழுகுதிரி நேரலாம், ஏழைகளுக்குப் பாண் நேரலாம், தன் தலைமயிரை நேரலாம். யோசெப்பினோ அவசரத்தில் தன்னுடையதல்லாத ஒன்றை நேர்ந்துவிட்டாள். இந்த மனுசன் உயிரோடு வீட்டுக்கு வந்தால் இனிக் கடல் தொட விடமாட்டேன், இது சத்தியம், என்று சொல்லிவிட்டாள்.

கீழே, கரண்ட் நிறுத்தி, குழாய்களில் இருந்த ஒயில் எல்லாம் வடித்திருந்த அந்தக் கால், தானாக ஒரு முழம் மேலே ஏறியது. பிறெடி வெளியே வழுகி வரும்வரை அப்படியே நின்றது. பிறகு மெல்ல இறங்கியது. இரண்டு விலாவெலும்பு வெடித்ததோடு ஆள் தப்பினார்.

யோசெப்பின் அந்தோனியாருக்குச் செய்த நன்றிக்கு அளவில்லை. ஆளுயர மெழுகுதிரி, பாண், பத்திரிகையில் படத்தோடு நன்றி அறிவித்தல், செவ்வாய்க்கிழமை தவறாமல் பூசை. நேர்ச்சையைப் பிறெடியிடம் சொன்னபோது அவர் மறுபேச்சுப் பேசவில்லை. உயிரைத் திரும்ப வாங்கித் தந்தவளிடம் என்னத்தைக் கதைப்பது என்று நினைத்தார். தெமட்டகொடையில் கொம்பனியின் சாமான் ஸ்டோரில் இருந்து நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுக்கும் வேலைக்குப் போனார். ஒருநாளும் குறை சொல்லவில்லை, ஒருநாளும் சினக்கவில்லை. குளித்துவிட்டு வந்து தலையைத் துவட்டாமல் கொஞ்சநேரம் நிற்பார், அவ்வளவுதான். யோசெப்பின் அதைப் பார்ப்பாள். பார்த்து மனம் நொந்தாலும், சவப்பெட்டியில் வைத்துப் பார்ப்பதைவிட இது மேல் என்று தன்னைத் தேற்றிக்கொள்வாள். அந்த நாட்களில் அவள் கடல் தண்ணீரில் போட்டு வைத்த உயிர் நண்டு வாங்கப் போனால், சட்டித் தண்ணீர் மறுகரைக்கு ஒதுங்கி நிற்கும். சட்டியைச் சரியாக வைக்கத் தெரியாதா என்று நண்டுக்காரனோடு ஏறி விழுந்துவிட்டு வருவாள்.

போன வருஷம் டொரீன் திரும்பி வந்தாள். கால் பாதியில் இறுகி நின்றது, ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஒயில் கசிந்து துறைமுகத் தண்ணீரில் வானவில் விரிந்தது. பாதியில் நிற்கும் காலுக்கு இரும்புப் பெட்டி பொருந்தாது. வேறு சுழியோடிகள் இறங்கிப் பார்த்தார்கள், அவர்கள் கை பட்டதும் கால் நடுங்கத் தொடங்கியதால் பயந்து ஏறிவிட்டார்கள். கடைசியில், காலை வெட்டிக் கடலில் விட்டுவிட்டுக் கப்பலைப் பழைய இரும்புக்கு அனுப்புவதென்று சொந்தக்காரர் முடிவெடுத்தார்கள். கொம்பனி எஞ்சினியர் சாம்பவி, வெள்ளவத்தையில் இருக்கும் யாழ்ப்பாணப் பிள்ளை, ஜம்பட்டா வீதிக்கே வந்து விஷயத்தைச் சொன்னாள். பிறெடி யோசெப்பினைப் பார்த்தார். யோசெப்பின் பிளேன் டீ ஊற்றிக் கொடுத்து, நேர்ச்சை நேர்ச்சைதான் பிள்ளை, அவரை அனுப்பிவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு இருக்க என்னால் ஏலாது என்று முடித்துவிட்டாள்.

சாம்பவியோடு வந்த ஜவாத் மட்டும் படியில் நின்றான். இவ்வளவு காலமும் சொன்னால் விசர் என்பார்கள் என்று வாயைக் கட்டியிருந்தவன் அவன்.

"அக்கா, கயிறு என்ட கையிலதான் இருந்திச்சி. மேல இருந்து ஒத்தரும் தூக்கல்ல. அந்த டொரீன்தான் தன்ட காலத் தூக்கி அண்ணன வெளிய விட்டா."

பொய் சொல்கிற ஆள் இல்லை ஜவாத். அப்படியென்றால், ஆளுயர மெழுகுதிரி ஒருவருக்கு, உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தது இன்னொருத்தி. நன்றி கெட்டவள் என்று தன்னை யாரும் ஒருநாளும் சொன்னதில்லையே என்று யோசெப்பின் அழுதாள். காப்பாற்றியவளின் காலை வெட்டுவார்களாம், அதைத் தடுக்கக்கூடிய ஒரே ஆளைத் தான் வீட்டில் கட்டி வைத்திருக்கிறாளாம். விட்டால் புருஷன் போவான், விடாவிட்டால் நன்றி போகும். அழுத முகத்தோடேயே பங்குச் சுவாமி றேமண்டிடம் போனாள்.

பாதர் றேமண்ட் கொஞ்சம் காது மந்தமான, ஆனால் திருச்சபைச் சட்டம் தண்ணீர்பட்டபாடாகத் தெரிந்த மனுசன். கேட்டு முடித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "யோசெப்பின், நேர்ச்சை நேர்ந்த ஆளைத்தான் கட்டும். புருஷனுக்காக நீங்க நேர ஏலாது. கடல் தொடக்கூடாதது உங்களைத்தான், பிறெடியை இல்ல."

அவளுக்கு ஆறுதலாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. இனிப் பிறெடி போகலாம். போனால் மறுபடி அவர் வந்து கதவைத் தட்டும்வரை சோறு இறங்காது. வீட்டுக்கு வந்து சுவாமி சொன்னதைச் சொன்னாள். நீ வேண்டாமென்றால் நான் போகமாட்டேன், சட்டம் என்ன சொன்னாலும் சரி, என்று பிறெடி சொன்னார். முதலில் நான் போய் அவளுக்கு நன்றி சொல்ல வேண்டும், மற்றதைப் பிறகு பார்ப்போம் என்றாள் யோசெப்பின். துறைமுகத்துக்கு முன்னால் இவ்வளவு காலம் குடியிருந்தும் அவள் ஒரு கப்பலில் ஏறியதில்லை. நல்ல சேலை உடுத்து, தலையில் மல்லிகை வைத்து, கலியாண வீட்டுக்குப் போவது போலப் பிறெடியோடு போனாள்.

சாம்பவி கிணற்று மூடியைத் திறந்து வைத்தாள். கறுத்த தண்ணீர் மேல்வரை நின்றது, ஒயில் மிதந்தது. யோசெப்பின் விளிம்பைப் பிடித்துக் குனிந்தாள். என்ன மொழியில் சொல்வது என்று ஒரு கணம் தடுமாறிவிட்டு, தமிழிலேயே சொன்னாள்.

"டொரீன், நீ எனக்கு என்ட மனுசனத் தந்தனீ. நான் தெரியாமப் போயிட்டன். நன்றியம்மா."

அவள் குனியக் குனியத் தண்ணீர் இறங்கியது. விளிம்பிலிருந்து ஒரு முழம், இரண்டு முழம், பிறகு ஓர் ஆள் உயரம். ஏணிப் படிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பாசியில் ஒட்டிக்கொண்டிருந்த சின்ன நண்டுகள் திகைத்துப்போய் நின்றன. ஜவாத் பிஸ்மில்லா சொன்னான். பிறெடி தொப்பியைக் கழற்றினார். யோசெப்பினுக்கு நண்டுக்காரனின் சட்டி ஞாபகம் வந்தது, பாவம், அவனை அநியாயமாக ஏசிவிட்டோமே என்று நினைத்தாள். சாம்பவி எட்டிப் பார்த்து, தண்ணீர் நிற்கும் மட்டத்தை டோர்ச் அடித்து அளந்தாள். எஞ்சினியர் பிள்ளை, ஆச்சரியப்பட அவளுக்கு நேரம் இல்லை.

"அன்ரி, கொஞ்சம் உள்ள இறங்குவீங்களோ? இன்னும் ஒரு ஆள் உயரம் வேணும், சீல் அதுக்குக் கீழ இருக்கு."

பலகையில் கயிறு கட்டி ஊஞ்சல் செய்தார்கள். யோசெப்பின் அதில் உட்கார்ந்து சேலையை ஒதுக்கிக்கொண்டாள், ஜவாத் கயிற்றைப் பிடித்து மெல்ல மெல்ல இறக்கினான். அவள் இறங்க இறங்கக் கடல் முன்னால் இறங்கியது, நேர்ச்சை என்றால் நேர்ச்சைதான் என்பது போல. இரும்புக் கால் முழுதாக வெளியே வந்தது. பிறெடி ஏணியால் இறங்கி, குறுக்குச் சட்டத்தில் நின்று, ஸ்பனரால் தட்டி, பயப்படாதே, இப்போது திறக்கப் போகிறேன் என்றார். கால் நடுங்கவில்லை. விசிறித் தண்டில் மீன்வலை ஒன்று இறுகச் சுற்றி, ரப்பர் சீல் வளையத்தைத் தின்று, காலையும் பிடித்து வைத்திருந்தது. அவர் ஒவ்வொரு இழையாக வெட்டி எடுத்தார். யோசெப்பின் கைக்கெட்டும் தூரத்தில் ஊஞ்சலில் இருந்து ஜெபமாலை சொன்னாள், இடையிடையே அந்த இழையை விட்டுவிட்டீர்கள், இந்தப் பக்கம் இன்னும் ஒன்று இருக்கிறது என்று காட்டினாள். இந்த மனுசன் இவ்வளவு பொறுமையாக வேலை செய்கிறவர் என்பதை அவள் அன்றைக்குத்தான் கண்டாள். எங்களிடம் பிறகு கதை சொல்லும்போதும் அந்த இடத்தை இரண்டு தரம் சொல்வாள்.

டொரீன் காலோடு போனாள், இப்போது மாலைதீவுப் பக்கம் கேபிள் போடுகிறாளாம். பிறெடி ஸ்டோரை விட்டுவிட்டார். இரும்புப் பெட்டி பொருந்தாத கால் எந்தக் கப்பலில் வந்தாலும் சாம்பவி யோசெப்பினுக்குப் போன் அடிக்கிறாள். வேலைத் திட்டத்தில் பெட்டி என்று போடும் இடத்தில் அன்ரி என்று போடுகிறாளாம், துறைமுகத்தில் யாரும் ஏன் என்று கேட்டதில்லை. அந்தோனியாருக்கும் குறை வைக்கவில்லை, செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் வேலைக்கு வரமாட்டேன் என்று யோசெப்பின் முதலிலேயே சொல்லிவிட்டாள். சென்ற மாதம் ஓர் ஆய்வுக் கப்பலின் கிணற்றில் இருவரும் இருந்தபோது, இரும்புச் சுவருக்கு அப்பால் துறைமுகத் தண்ணீர் முழுவதும் தலைக்கு மேலே நிற்பதைச் சொல்லி, பயமாக இல்லையா என்று பிறெடி கேட்டிருக்கிறார்.

"பயம்தான். ஆனா முந்தி வீட்டில தனியா இருந்து பயந்தனான். இப்ப உங்களப் பார்த்துக்கொண்டு பயப்பிடுறன். அது போதும்."

பிறகு மேலேயிருந்து ஜவாத் சோற்றுப் பொட்டலங்களைக் கயிற்றில் இறக்கினான். பிறெடி கையைத் துடைத்துக்கொண்டு குறுக்குச் சட்டத்தில் உட்கார்ந்தார், யோசெப்பின் பொட்டலத்தை அவிழ்த்துத் தன் கருவாட்டில் பாதியை அவர் பக்கம் தள்ளிவிட்டு, பசியோடு ஒரு பெரிய கவளம் எடுத்து வாயில் வைத்தாள். அவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை கடல் கீழே காத்திருந்தது.