இடியின் காதுக்கு மட்டும்

கொதிகலன் குழுவின் பாட்டு யாருக்கும் புரியாது. அதுதான் அதன் பாதுகாப்பு. பாடுகிறவன் பள்ளிக்கூடத்து வேதியியல் வாத்தியார். வகுப்பில் அதட்டக் கூச்சப்படுகிற அந்த மனுஷன் மைக்கைப் பிடித்தால் அடிவயிற்றிலிருந்து உறுமுவான். உறுமலுக்குள் என்ன வார்த்தை இருக்கிறதென்று பெற்ற தாய்க்கும் விளங்காது. எழுதிக்கொடுப்பவன் இன்னும் பெயரெடுக்காத ஒரு வக்கீல், பேஸ் கிட்டாரும் அவனே. லீட் கிட்டார் லேத் பட்டறைக்காரன். டிரம்ஸ் அடிப்பவனை இடி என்று கூப்பிடுவார்கள். குட்டையான ஆள், தாடி கீடி கிடையாது, வாயைத் திறந்தால் பூனை. குச்சியைத் தூக்கினால்தான் இடி.

ஒரு டயர் கிடங்கின் பின்னறையில் ஆரம்பித்தார்கள். முதல் நிகழ்ச்சிக்கு வந்த பதினேழு பேரில் பாதிப்பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். இரண்டு வருஷம் போனது. ஒரு நாள் நடுப்பாட்டில் அதிகாரிகள் கரண்டை நிறுத்தினார்கள். கிட்டார் செத்தது, மைக் செத்தது, இடியின் கை மட்டும் நிற்கவில்லை. கூட்டம் கைதட்டியே பாட்டை முடித்துவைத்தது. அந்தக் காட்சி எல்லார் போனிலும் ஓடியதில் நாலு பேரும் ஒரே வாரத்தில் பிரபலம். அன்றைக்கே ஒரு சட்டமும் போட்டுக்கொண்டார்கள்: வானமே இடிந்து விழுந்தாலும் எடுத்த பாட்டைப் பாதியில் விடக்கூடாது.

புகழ் வந்தால் வால்பிடித்துக்கொண்டு பயமும் வருமே. இரண்டு போலீஸ்காரர்கள் நோட்டுப்புத்தகத்தோடு முன்வரிசையில் உட்கார ஆரம்பித்தார்கள். கடைசிவரை ஒரு வரிகூட எழுத முடியாமல் காதைத் தேய்த்துக்கொண்டு எழுந்து போனார்கள். நாலு பேரும் மேடைக்குப் பின்னால் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஆனால் உறுமல் புரியாதது இடிக்கும் தொல்லைதான். எங்கே சரணம் முடிகிறது, எங்கே வேகம் கூட்டவேண்டும் என்று தடுமாறுவான். அதற்காகத்தான் ஒரு லேப்டாப் வாங்கினார்கள். அதிலிருந்து இரண்டு ஒயர்கள். ஒன்று சைரன், இயந்திரச் சத்தம் எல்லாவற்றையும் பெரிய ஸ்பீக்கருக்குக் கொண்டுபோகும். இன்னொன்று இடியின் காதுக்கு மட்டும். அதில் டிக் டிக் என்று தாளம், கூடவே பாட்டு வரிகளை ஒரு குரல் நிறுத்தி நிதானமாக வாசிக்கும்.

அந்தக் குரல் அவன் அக்காவுடையது. அவள் பஸ் நிலையத்தில் அறிவிப்பாளர். "பயணிகளின் கவனத்திற்கு" என்று அவள் பதினொரு வருஷமாகச் சொல்லி, அந்த ஊரில் பஸ் ஏறுகிற அத்தனை பேருக்கும் அந்தக் குரல் பழக்கம். முதலில் மாட்டேன் என்றாள். சாயப்பட்டறை வேலைநிறுத்தத்தில் போலீஸ் வண்டியில் ஏற்றிக்கொண்டு போன பதினொரு பேரைப் பற்றிய பாட்டு அது. எந்தக் கட்டிடத்தில் அடைத்தார்கள், எந்த அதிகாரி கையெழுத்துப் போட்டார் என்பது வரைக்கும் வக்கீல் துருவி எழுதியிருந்தான்.

"டேய், இதெல்லாம் வெளிய போனா என் வேலை போறதோட நிக்காதுடா."

"என் காதுக்கு மட்டும்தான்க்கா. வேற ஒரு ஈ காக்காக்குக் கேக்காது."

வாசித்துக்கொடுத்தாள். தம்பி கேட்டு அவள் இல்லையென்று சொன்னதில்லை, அவள் ராசி அப்படி.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம், கல்லூரி மைதானத்தில், அவசரத்தில் இடி இரண்டு ஒயரையும் மாற்றிச் சொருகிவிட்டான். மாற்றியது அவன்தான், வேறு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. பாட்டு தொடங்கியதும் காதுக்குள் சைரன் அலறியது. மைதானம் முழுக்க அக்காவின் குரல் கட்டிடத்தின் முகவரியை நிதானமாக வாசித்துக்கொண்டிருந்தது. சவுண்டு பார்த்தவர் இதுவும் பாட்டில் ஒரு புதுமை போல என்று சத்தத்தைக் கூட்டிவைத்தார்.

ஒரு கையை எடுத்து ஒயரைப் பிடுங்கியிருந்தால் முடிந்திருக்கும். சட்டம் ஞாபகம் வந்தது என்று பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பொய். ஐயாயிரம் பேர் முதல்முறையாக வார்த்தை புரிந்து, அவள் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னார்கள். அந்த இரைச்சலில் அவனுக்கு மயிர்க்கால் எல்லாம் சிலிர்த்தது. ஐந்தே கால் நிமிஷம், ஆசை தீர அடித்தான். முடித்துக் குச்சியைக் கீழே வைத்தபோதுதான் அக்காவின் நினைப்பு வந்தது.

திங்கட்கிழமை காலை முதல் மணி அடிப்பதற்குள் வாத்தியாரை வகுப்பறையிலிருந்தே கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். டயர் கிடங்கில் மீதி மூன்று பேர் கூடினார்கள். கூடினார்கள் என்பதுகூட அதிகம். லேத்காரன் உட்காரவே இல்லை.

"எழுதினது நான்னு யாரும் சொல்லிடாதீங்க, கால்ல வேணா விழறேன்" என்றான் வக்கீல்.

"நான் கிட்டாரே தொட்டதில்ல. உங்களையெல்லாம் யாருன்னே தெரியாது" என்றான் லேத்காரன்.

"அக்காவ என்னடா பண்றது?" என்று இடி கேட்டான்.

"வாயிருந்தும் பேசத் தெரியாதவன்டா நீ" என்றான் வக்கீல். "ஒயரச் சொருகத் தெரியாதவன்னு அப்பவே தெரியாம போச்சே." அவ்வளவுதான், கொதிகலன் கலைந்தது. இரண்டு வருஷத்துக்கு மேல் கட்டிய குழு கலைய ஒரு டீ ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை.

அக்கா போனை எடுக்கவில்லை. இடி பஸ் நிலையத்துக்கு ஓடினான். "ஏழாம் நடைமேடையில்" என்று அவள் குரல் கேட்டதும்தான் மூச்சு வந்தது. அவளை இன்னும் பிடிக்கவில்லை. விசாரிக்க வந்தவர்கள் வெளியூர் அதிகாரிகள், காரில் போய் வருகிறவர்கள். இந்தக் குரலை அவர்கள் எங்கே கேட்டிருக்கப் போகிறார்கள்? தெரிந்த சனமோ வாயைத் திறக்கவில்லை. எத்தனை நாளைக்குத் திறக்காமல் இருக்கும் என்பதுதான் கேள்வி.

அப்போது அடுத்த அறிவிப்பு வந்தது.

"பயணிகளின் கவனத்திற்கு. காவல்துறையால் தேடப்படும் கொதிகலன் குழுவின் டிரம்ஸ் கலைஞர், ஆறடி உயரம், அடர்ந்த தாடி, வலது காலைச் சற்று இழுத்து நடப்பவர். கண்டவர்கள் உடனே தகவல் தெரிவிக்கவும்."

இடி தன் மழித்த தாடையைத் தடவிப் பார்த்துக்கொண்டான். போலீஸ் அவள் கையில் கொடுத்த தாளில் அப்படியா எழுதியிருக்கும்? மைக் முன்னால் உட்கார்ந்து அவளாகவே அவனை வளர்த்து, தாடி வைத்து, நொண்டவும் வைத்திருக்கிறாள். பாவம், தாடி வைத்த நெட்டையான ஒருத்தரைப் போலீஸ்காரர்கள் மடக்கி நடக்கச் சொல்லிப் பார்த்தார்கள்.

"நான்காம் நடைமேடையில் நிற்கும், எல்லைக்குச் செல்லும் பேருந்து உடனே புறப்படும். ஏறாமல் நிற்பவர்கள் உடனே ஏறவும். உடனே."

ஒரே அறிவிப்பில் மூன்று முறை உடனே என்று அவள் சொல்லிக் கேட்டதில்லை. மாடியில் அறிவிப்பாளர் உட்காரும் கண்ணாடிக்கூண்டிலிருந்து அவனைப் பார்த்துவிட்டாள். அவன் ஏறினான். ஜன்னலோரம் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டான். பஸ் நகர்ந்தது.

மறுபடியும் அதே அறிவிப்பு ஆறடி, தாடி என்று ஆரம்பித்தது. அப்போதுதான் அவன் தூணோரம் நின்ற அதிகாரியைக் கவனித்தான். அவர் கையில் போன். அதில் எதையோ ஓடவிட்டுக் காதில் வைத்தார். கேட்டார். நிறுத்தினார். தலையைத் தூக்கி ஸ்பீக்கரைப் பார்த்தார். திரும்பவும் போனைக் காதில் வைத்தார். பிறகு இரண்டு போலீஸ்காரர்களுக்குக் கைகாட்டி, கூண்டுக்குப் போகும் மாடிப்படியைச் சுட்டினார்.

"நிறுத்துங்கண்ணே!" என்று இடி கத்தினான்.

"இப்பத்தானய்யா ஏறின? எங்க போற?" என்றார் கண்டக்டர்.

"எங்க அக்கா மேல இருக்குண்ணே."

குதித்தான். போலீஸ்காரர்கள் முதல் படியில் கால் வைத்திருந்தார்கள். ஓடினாலும் முந்த முடியாது. கத்தினால் அந்தச் சந்தைக்கூச்சலில் யார் காதிலும் விழாது, அவன் குரல் அப்படி. நின்றுகொண்டிருந்த காலிப் பஸ்ஸின் தகரத்தில் இரண்டு கையாலும் அடிக்க ஆரம்பித்தான். அந்தப் பாட்டின் அடி. பஸ் நிலையமே திரும்பியது. கைமுட்டித் தோல் உரிந்து ரத்தம் வந்தது, நிறுத்தவில்லை. அதிகாரி திரும்பினார். படியில் நின்றவர்களும் திரும்பினார்கள்.

"அவன்தான்! பிடி!"

இறங்கி ஓடிவந்தார்கள். படி காலியானது. படியிறங்கினால் பின்பக்கம் கடைச்சந்துக்கு ஒரு கதவு உண்டு, அவள் அதில் வெளியேறிவிட்டால் போதும். ஸ்பீக்கரிலும் சத்தம் நின்றுவிட்டது. போய்விட்டாள் என்று நினைத்தான். சனிக்கிழமைக்குப் பிறகு முதல்முறையாக அவனுக்குப் பயம் விட்டது.

ஸ்பீக்கர் கரகரத்தது. பதினொரு வருஷத்தில் அந்த மைக்கில் யாரும் கேட்டிராத பேச்சு, நாலு திசையிலிருந்தும் ஒரே நேரத்தில் வெடித்தது.

"டேய் தம்பி, அடிக்காதடா! ஓடுடா, ஓடு!"

ஓடிவந்தவர்கள் நின்றார்கள். ஒவ்வொருவராகத் தலையைத் தூக்கி மேலே பார்த்தார்கள்.