சர்க்கரைக் கட்டியும் ஒரு வாய் எச்சிலும்

1

இந்தக் கதை எச்சிலில் பிறந்தது. முகம் சுளிக்காதீர்கள், எல்லாக் கதையும் வாயிலிருந்துதானே வருகிறது. நான் எகிப்தின் மன்சூரா நகரில் நுண்ணோக்கி பார்த்துப் பிழைக்கும் மருத்துவர். கதையும் எழுதுவேன்.

முதல் தொடக்கம்: "ஹில்மியின் நுரையீரலில் ஒரு நிலவு…" (அடித்துவிட்டேன். அது நிலவு இல்லை, கொண்டைக்கடலை அளவுக் கட்டி.)

2

ஹில்மி கல்யாண ஊர்வலங்களில் டிரம்பெட் ஊதுபவர். கட்டியை வெட்டி எடுத்தாயிற்று. புற்று என்றால் நுரையீரலில் இன்னும் ஒரு பகுதி போகும். போனால், ஈது பெருநாள் முடிந்ததும் நடக்கவிருக்கும் மகள் கல்யாணத்தில் ஊத முடியாது. அவருடைய கவலை அது ஒன்றுதான்.

நுண்ணோக்கியில் பார்த்தேன். வெள்ளையடித்த வெற்று அறைகளைப் போலத் தெளிந்த செல்கள், நடுநடுவே மெல்லிய சுவருள்ள இரத்தக் குழாய்கள். அரிதான, தீங்கில்லாத சர்க்கரைக் கட்டியாக இருக்கலாம். (சிறுநீரகப் புற்று பரவினாலும் இப்படித் தோன்றும், ஆனால் ஸ்கேனில் சிறுநீரகம் சுத்தம், நிறமிச் சோதனையும் சர்க்கரைக் கட்டியையே காட்டியது.) செல்லுக்குள் இருப்பது சர்க்கரைதானா என்பது மட்டும் பாக்கி. அதைக் கரைத்துக் காட்டும் நொதி தீர்ந்துபோயிருந்தது. எச்சிலுக்கும் அந்த வேலை தெரியும்.

3

ஆனால் ரமலான் மதியம். நானும் நோன்பு. ஆய்வகத்தில் சாயம் போடும் உதவியாளன் பஸ்தவீசியிடம் எச்சில் கேட்டேன்.

"என் வாயில இப்ப தபால்தலைகூட ஒட்டாது, டாக்டரம்மா."

"பாகு சொட்டுற குனாஃபாவ நெனச்சுக்கோ."

"நெனச்சா பசிதான் வருது."

முதல் பிரதியில் அவனையே துப்பவைத்தேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை. நடந்தது வேறு. வாசலில் காத்திருந்த ஹில்மி எட்டிப் பார்த்தார். மருந்து சாப்பிடுவதால் அவருக்கு நோன்பில்லை.

"ஊதுறவன் வாய் என்னிக்குக் காஞ்சிருக்கு? எங்க துப்பணும்?"

"உங்க கட்டி மேலதான், உஸ்தா." (இங்கே தொழில் தெரிந்தவரை மரியாதையாக அப்படித்தான் கூப்பிடுவோம்.)

"அதுக்குத்தானே இத்தன நாளா வாய் துறுதுறுங்குது."

கட்டியின் மெல்லிய சீவல் ஒட்டிய இரண்டு கண்ணாடிச் சில்லுகளில் ஒன்றின்மேல் துப்பினார். துப்பிய கண்ணாடியையும் துப்பாத கண்ணாடியையும், ஊறவிட்டுக் கழுவி, சர்க்கரையைச் சிவக்கவைக்கும் சாயத்தில் போட்டோம். துப்பாததில் செல்கள் ரோஜா நிறத்தில் நிறைந்திருந்தன. துப்பியதில் எச்சில் கரைத்துவிட்டதால் வெளுத்துக் கிடந்தன. சர்க்கரையேதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது; நுண்ணோக்கிக்கு அது ஆகாது.

4

முடிவு அ: கல்யாணத்தில் ஹில்மி ஊதுகிறார், தெருவே ஆடுகிறது. (யார் வேண்டுமானாலும் எழுதிவிடுவார்கள்.)

முடிவு ஆ: பாதிப் பாட்டில் மூச்சு… (எழுத மனம் வரவில்லை.)

நான் பார்த்தது இவ்வளவுதான். புற்று இல்லை என்ற சேதி கேட்டதும் ஹில்மி பையைத் திறந்து டிரம்பெட்டை எடுத்தார்.

"உஸ்தா, இது ஆஸ்பத்திரி," என்றான் பஸ்தவீசி.

"கல்யாண வீட்டுல மட்டும் கேட்டுட்டா ஊதுறேன்?"

உதட்டில் வைத்துவிட்டார். அந்தச் சத்தத்தை என்னால் எழுத முடியவில்லை; நோன்பில் என் வாய் இன்னும் வறண்டுதான் இருக்கிறது. உங்கள் உதட்டை நனைத்துக்கொள்ளுங்கள். ஊதுங்கள்.