ரிப்பன் கட்டின தாங்கி

கூரைப் பீலியில இருந்து மழைத்தண்ணித் தாங்கிக்குள்ள இறங்கிற குழாயை வெளியால திருப்பி, அதைத் தாங்கியோட சேர்த்து சிவப்பு ரிப்பனால இறுக்கிக் கட்டிப்போட்டுப் போனான் நிருபன். இந்தத் தாங்கித் திட்டத்துக்குப் பொறுப்பான பொடியன். பிரதம விருந்தினர் வந்து வெட்டுமட்டும் ஒருத்தரும் தொடக்கூடாதாம்.

வெள்ளிக்கிழமை வாறார் எண்டாங்கள். பிறகு அடுத்த கிழமை எண்டாங்கள். பிறகு அவருக்குக் கொழும்பில கூட்டமாம். மழைக்கு இதெல்லாம் தெரியுமே? முந்தி ஐப்பசியில தொடங்கினா மார்கழி மட்டும் விட்டு விட்டுப் பெய்யும். இப்ப மாசக்கணக்கில காயப்போட்டிட்டு, ரெண்டு நாளில எல்லாத்தையும் தலையில கொட்டிட்டுப் போயிடுது. அந்த ரெண்டு நாளைப் பிடிச்சாத்தான் உண்டு. எங்கட சல்லிக் கிராமத்தில கிணத்துத்தண்ணி வாயில வைக்கேலாத உப்பு. என்ர மகள் சிவாஜினிக்குச் சிறுநீரக வருத்தம், அந்தத் தண்ணி தொடவே கூடாதெண்டு ஆஸ்பத்திரியில சொல்லிப்போட்டினம். கோடை முழுக்க தண்ணி கொண்டுவாற பவுசர் லொறிக்கு வாளியோட ரோட்டில நிண்டதுதான் மிச்சம். எங்கட ஒழுங்கைக்குள்ள பவுசர் திரும்பாதாம்.

போன செவ்வாய் வானம் கறுத்துக்கொண்டு வந்துது. ஓடு உடையிற மாதிரி அடிச்சு ஊத்துது. குழாயால வந்த தண்ணி எல்லாம் முத்தத்தால ஓடிக் கடலுக்குப் போகுது. சிவாஜினி குசினி வாசலில நிண்டு பாத்துக்கொண்டே நிக்கிறாள். நிருபனுக்குப் போன் அடிச்சன். கொஞ்சம் பொறுங்கோ அம்மா எண்டான். அதை மழைக்குச் சொல்லு எண்டிட்டு வைச்சிட்டன்.

தாங்கி கட்டின கிண்ணியா மேசன் றுவைஸ், முதல் தண்ணியில காகப்பீ, ஊத்தை எல்லாம் வரும், அதைப் போகவிட்டுத்தான் உள்ளுக்கு எடுக்கோணும் எண்டு சொன்னவர். அந்த ஊத்தை எப்பவோ போய் முடிஞ்சுது. மீன் வெட்டிற கத்தியை எடுத்தன். ஒரே இழுவை. குழாயை உள்ளுக்குத் திருப்பிவிட்டன்.

நான் நனைஞ்சு கத்தியோட நிண்ட கோலத்தைப் பாத்திட்டு சிவாஜினி சொன்னாள்: "பிரதம விருந்தினர் வடிவாத்தான் இருக்கிறா."

எத்தினை நாளைக்குப் பிறகு அவள் சிரிச்சவள்.

இண்டைக்குக் காலமை வெயில் எரிக்குது. நிருபன் புது ரிப்பனோட வந்து நிக்கிறான். நாளைக்குத் திறப்பு விழாவாம். தாங்கி முட்ட நிக்கிறதைப் பாத்தவுடன முகம் செத்துப்போச்சு.

"தண்ணியைத் திறந்து விடுங்கோ அம்மா. அவர் வெட்டேக்க வெறுந்தாங்கியில முதல் தண்ணி விழோணும். வீடியோ எடுக்கினம்."

"நாளைக்கு மழையை ஆர் கொண்டு வாறது?"

"பவுசருக்குச் சொல்லியாச்சு. கூரைக்கு அடிப்பினம்."

எனக்கு விசர் உச்சியில ஏறிட்டுது. குடிக்கக் கேட்டா திரும்பாத பவுசர், கூரையைக் குளிப்பாட்டத் திரும்புமாம். பெய்த மழையைத் தரையில ஊத்திட்டு, பவுசர் தண்ணியை மழையெண்டு காட்டப்போறாங்கள். கதிரையை இழுத்துக்கொண்டு போய், தாங்கிப் பைப்புக்கு முன்னால போட்டுக் குந்திட்டன். என்னைத் தூக்கிப்போட்டிட்டுத் திற எண்டன்.

அவன் கெஞ்சினான். "என்ர வேலை போயிடும் அம்மா."

"என்ர பிள்ளை போயிடும் தம்பி."

அவன்ர போன் அடிக்குது, அவன் எடுக்கேல்லை. சிவாஜினி ஒரு பேணியோட வந்தாள். என்ர தோளுக்குப் பின்னால கையை விட்டுப் பைப்பைத் திறந்து பேணியை நிரப்பினாள். கொதிக்க வைக்கவும் இல்லை, ஒண்டும் இல்லை. அவனைப் பாத்துக்கொண்டே அண்ணாந்து குடிக்கத் தொடங்கினாள். போன் அடிச்சு ஓய்ஞ்சு திரும்பவும் அடிக்குது. அவள்ர தொண்டைக்குழி ஏறி இறங்குது, ஏறி இறங்குது.