ஓரக்கண் அக்கா

ஆறாம் வகுப்புக்குப் பின்னக் கணக்கு சொல்லித்தர, ஓர் ஆய்வுக் குழு கணினி ஆசிரியர் என்றொரு மென்பொருளை உருவாக்கியிருந்தது. அது பிள்ளைகளிடம் எடுபடுகிறதா என்று கவனிப்பது அவள் வேலை. ஒவ்வொரு பிள்ளையையும் இருபது நொடி பார்த்து, கவனமா, குழப்பமா, சலிப்பா என்று குறிக்க வேண்டும். நேராகப் பார்த்தால் உஷாராகிவிடுவார்கள் என்பதால் பக்கவாட்டில் நின்றுதான் பார்க்க வேண்டும். வாயைத் திறக்கவே கூடாது.

இரண்டு மாதத்தில் முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் அவளுக்கு அத்துப்படி. அவளிடம்தான் யாரும் பேசியதில்லை. ‘ஓரக்கண் அக்கா’ என்று அவர்கள் பெயர் வைத்திருந்தது மட்டும் காதில் விழுந்தது. வீடு என்பதும் அவள் மட்டும் இருக்கும் ஒற்றை அறை. சில மாலைகளில் கடைக்காரரிடம் ஏதாவது கேட்க வாயெடுத்தால் குரலே எழும்பாது.

ஒரு செவ்வாய்க்கிழமை, ஜன்னலோரத்து ரெட்டைப்பின்னல்காரி சட்டென்று அவள் பக்கம் திரும்பினாள்.

“அக்கா, இது எப்படிக்கா?”

பேசாமல் நகர்ந்திருக்க வேண்டும். “எனக்கும் தெரியாதேம்மா” என்று சொல்லிவிட்டாள்.

சிறுமிக்குப் பாவமாகப் போய்விட்டது. “உங்களுக்குமா? சரி, கேளுங்க. அரையையும் மூணுல ஒண்ணையும் கூட்டணும். அப்படியே கூட்டினா தப்புங்குது. ஏன்னா... துண்டு ஒரே அளவு இல்லியே! முழுசை ஆறா வெட்டினா அரைங்கறது மூணு துண்டு, இன்னொண்ணு ரெண்டு... அய்யோ, ஆறுல அஞ்சுக்கா!”

திரையில் பச்சை விழுந்தது.

“இப்பப் புரிஞ்சுதா அக்கா?”

“நல்லாப் புரிஞ்சுது.”

அந்தப் பாடவேளை முழுக்க அவள் யாரையும் குறிக்கவில்லை. மாலையில் ஆய்வுத் தலைவரிடம் மறைக்காமல் சொன்னாள். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

“அந்தப் பொண்ணோட பதிவை ஆய்வுலேருந்து நீக்கணும்மா. அவ கம்ப்யூட்டர்கிட்ட கத்துக்கிட்டாளா, உங்ககிட்டயா?”

“ரெண்டு பேர்கிட்டயும் இல்ல சார். எனக்குச் சொல்லப்போய் அவளே கத்துக்கிட்டா.”

அவர் ஒரு தாளை அவள் பக்கம் நகர்த்தினார். “அதை அப்படியே எழுதிக் குடுங்க. ஆனா இனிமே அந்த வகுப்புக்கு நீங்க போக முடியாது.”

இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தாள். பிறகு வந்த அறிக்கையில் அது ஓர் அடிக்குறிப்பாயிற்று. அடுத்த வருடம் அந்தக் கணினி ஆசிரியர், ‘எனக்குப் புரியவில்லை, நீ சொல்லித் தா’ என்று பிள்ளைகளிடம் கேட்க ஆரம்பித்தது.

அவளுக்கோ, அந்தச் செவ்வாய்க்கு அடுத்து வந்த திங்கட்கிழமையே வேறு பள்ளிக்கூடம். யாரும் இவளை ஏறிட்டுப் பார்க்கவில்லை. மதியம் கணினி அறையில் தனியாக உட்கார்ந்து டப்பாவைத் திறந்தவள், “ஆறுல அஞ்சு” என்று மெல்லச் சொல்லிப் பார்த்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தாள்.