நடுத்திட்டுப் பக்கம்

மார்டி கிரா திருவிழா ஊர்வலத்தில் வாசிக்க வரச்சொல்லி நியூ ஆர்லியன்ஸிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு அழைப்பு வந்தபோது, மிசிசிப்பி டெல்டாவின் அந்தச் சின்ன ஊர் தலைகால் புரியாமல் ஆடியது. மாதா கோயிலில் அறிவிப்பு, முடிதிருத்தும் கடையில் அதே பேச்சு, ஞாயிறுதோறும் பேருந்துச் செலவுக்காக மீன் பொரித்து விற்பனை. ஐந்து மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஊர்தான். ஆனாலும் பாண்டு வாத்தியக் குழுவில் பாதிப் பேர் அந்த ஊரைக் கண்ணால் கண்டதில்லை. பெற்றோர் சங்கத் தலைவி ரோஷெல்லும் கண்டதில்லை.

கண்டதில்லை என்பதைவிட, காணமாட்டேன் என்று இருந்தாள் என்பதுதான் சரி. அவள் புருஷன் லாமான்ட் பத்து வருஷத்துக்கு முன்னால் வேலை தேடி அங்கே போனவன், அங்கேயே தங்கிவிட்டான். ஒரு பெரிய உணவகத்தின் சமையலறையில் சிப்பி உடைக்கிறானாம். அன்றிலிருந்து அந்த ஊர்ப் பெயரே அவள் வீட்டில் ஆகாத பெயர். இப்போது பாருங்கள், அதே ஊருக்குப் போக எண்பது பிள்ளைகளுக்குப் படுக்கையும் சாப்பாடும் கழிப்பறையும் ஏற்பாடு செய்வது அவள் தலையில் வந்து விடிந்திருந்தது.

ஏற்பாட்டில் அவளைக் குறை சொல்ல முடியாது. தங்குவதற்கு அங்கே ஒரு பள்ளியின் விளையாட்டுக் கூடம் கேட்டு வாங்கினாள். நான்கு மணி நேரம் நடக்க வேண்டிய கால்களுக்குக் கொப்புளம் வராமல் இருக்க வாஸலின் களிம்பு டப்பாக்கள், இரண்டிரண்டு ஜோடிக் காலுறைகள். ஊர்வலம் போகும் பெரிய சாலையின் ஒரு பக்கம் கடைகளும் நடைபாதையும். மறுபக்கம், சாலையின் நடுவே, டிராம் தண்டவாளம் ஓடும் புல் திட்டு; அதுதான் நடுத்திட்டு, அங்கே ஜனம் ஏணி போட்டு உட்கார்ந்திருக்கும். எந்தப் பக்கம் யார் பிள்ளைகளோடு நடந்து காவல் காப்பது என்றுகூடப் பிரித்துக் கொடுத்துவிட்டாள். நடைபாதைப் பக்கம் தான் என்றும், நடுத்திட்டுப் பக்கம் சங்கத்துத் தோழி மிஸ் ஒடெஸ்ஸா என்றும் முடிவு.

எல்லாம் செய்தாள், உட்காரத்தான் முடியவில்லை. வேலை பார்க்கும் அலுவலகத்தில் வரவேற்பு மேசையை ஒரு நாளைக்கு நாலு தரம் துடைத்தாள். வீட்டில் மடித்த துணியை உதறி மறுபடி மடித்தாள். அடுப்பில் வெண்டைக்காய்க் குழம்பு அடிப்பிடித்தது. காலில் நெருப்பைக் கட்டிக்கொண்டவள் மாதிரி அலைகிறாளே, ஊர்வலத்தில் இவளும் குழல் ஊதப்போகிறாளா என்று ஒடெஸ்ஸா கேலி பேசினாள்.

காரணம் அவள் கைப்பேசிக்குள் இருந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் லாமான்ட் செய்தி அனுப்பியிருந்தான். நம் மகளும் வாசிக்க வருகிறாளாமே, நெப்போலியன் சாலை திரும்பும் முனையில் நடுத்திட்டுப் பக்கம் நிற்பேன், மஞ்சள் தொப்பி போட்டிருப்பேன், அவளிடம் சொல் என்று. ரோஷெல் சொல்லவில்லை. இந்த மனுஷனின் 'வருவேன்' எத்தனை பார்த்தாயிற்று. போன வருஷம் பள்ளியில் குளிர்கால இசைவிழா. அப்பா வருகிறார் என்று மகள் ஷனீஸ் முதல் வரிசை நாற்காலி ஒன்றில் தன் கோட்டைப் போட்டு இடம் பிடித்து வைத்திருந்தாள். நிகழ்ச்சி முடிந்து கூட்டம் கலைந்த பிறகும் கோட்டு மட்டும் அதில் உட்கார்ந்திருந்தது. வீட்டுக்கு வரும் வழியில் அவள் அழவில்லை. அதைத்தான் ரோஷெல்லால் தாங்க முடியவில்லை.

இப்போது அதைவிடப் பெரிய சிக்கல். ஷனீஸ் ட்ராம்போன் என்கிற நீண்ட பித்தளைக் குழல் வாசிப்பவள். முன்வரிசையின் இடது ஓரம் அவள் இடம். ஒரு வருஷம் முழுக்க உதடு வீங்க ஊதி, போட்டியில் நாலு பையன்களைத் தோற்கடித்து வாங்கிய இடம். இடது ஓரம் என்றால் நடுத்திட்டை ஒட்டி. வாத்தியக் குழுவில் கழுத்து திரும்பக் கூடாது. கண் நேரே முன்னால். திரும்பினால் அடுத்த ஊர்வலத்தில் இடமில்லை என்பது ஆசிரியர் பிக்கெட்டின் சட்டம். அப்பன் நிற்பது தெரிந்தால் பிள்ளை திரும்பாமல் இருப்பாளா? திரும்பி, அங்கே மஞ்சள் தொப்பி இல்லையென்றால்? ஆயிரம் பேர் பார்க்க, நடுத் தெருவில், வாயில் வாத்தியத்தோடு, அந்தக் காலி நாற்காலி மறுபடியும்.

சொல்லாமல் விட்டுவிடலாம் என்று காலையில் நினைப்பாள். ஒருவேளை இந்த முறை நிஜமாகவே வந்து நின்றால், மகள் பார்க்காமலே கடந்து போனால், அந்தப் பாவமும் தன் கணக்கில்தானே என்று மாலையில் நினைப்பாள். பிக்கெட்டிடம் சொல்லி மகளை வலது ஓரத்துக்கு மாற்றச் சொல்லலாமா என்றுகூட யோசித்தாள். கேட்க வாய் வரவில்லை.

கடைசியில் பிக்கெட்டே கூப்பிட்டார். புறப்பட நாலைந்து நாள் இருந்தது. மைதானத்தில் பயிற்சி முடிந்து பிள்ளைகள் வாத்தியங்களைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் ரோஷெல்லை ஓரமாக அழைத்துப்போய்த் தலையைச் சொறிந்தார்.

"மிஸ் ரோஷெல், வீட்டுல எதுவும் பிரச்சனையா? உங்க பொண்ணு ஓர இடம் வேணாங்குறா. நடுவுல போடுங்க சார்னு நிக்கிறா. அந்த இடத்துக்கு எம்புட்டு சண்டை போட்டா அவ."

 ரோஷெல் தனக்குத் தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்றாள். அவளுக்குக் கோபம் வந்தது. ஒரு வருஷ உழைப்பை ஒரு நொடியில் தூக்கிக் கொடுக்கிறாளே, இதென்ன கிறுக்கு என்று வண்டியில் ஏறினதும் மகளைப் பிடித்துக்கொண்டாள். எந்தப் பையனாவது ஏதாவது சொன்னானா, உதடு வலிக்கிறதா, பயமா என்று ஒன்றன்மேல் ஒன்றாகக் கேட்டாள். ஷனீஸ் மடியில் கிடந்த வாத்தியப் பெட்டியின் கொக்கியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"அப்பா மெசேஜ் போட்டாரு மம்மா. மூணு வாரமாச்சு. நடுத்திட்டுப் பக்கம் நிப்பாராம்."

ரோஷெல் வண்டியை நிறுத்தினாள். பருத்தி வயலோரம், ஆள் அரவம் இல்லாத சாலை. அப்படியென்றால் இவளும் மூன்று வாரமாக ஒளித்து வைத்திருக்கிறாள். அம்மா வருத்தப்படுவாளே என்று மகளும், மகள் ஏமாறுவாளே என்று அம்மாவும், ஒரே சமையலறையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். ரோஷெல்லுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தனக்கும் செய்தி வந்ததைச் சொன்னாள். பிறகு, சொல்லும்போதே தனக்கு நம்பிக்கையில்லாத குரலில், ஓர இடத்தைத் திருப்பி வாங்கிக்கொள், ஒருவேளை வந்தால் அப்பா நன்றாகப் பார்க்கட்டுமே என்றாள்.

ஷனீஸ் தலையாட்டவில்லை.

"ஓரத்துல நின்னா என் கண்ணு அங்கதான் போகும். பிக்கெட் சார் திட்டுனா திட்டட்டும், அதுக்கில்ல. அவரு அங்க இல்லாததை நான் பாத்துட்டேன்னா, அப்புறம் என்னால ஊத முடியாது மம்மா. மூச்சு வராது. நடுவுல நின்னா ரெண்டு பக்கமும் ஆளு மறைச்சிடும்."

பதினாறு வயதுப் பெண் பேசுகிற பேச்சா இது என்று ரோஷெல் நினைத்தாள். லாமான்ட் அப்போது எதிரில் இருந்திருந்தால் சிப்பி உடைக்கிற கத்திக்கு வேறு வேலை வந்திருக்கும். அவள் மகளின் கையைப் பெட்டியின் கொக்கியிலிருந்து விலக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நீ ஒண்ணு செய்யி மம்மா," என்றாள் ஷனீஸ். "நீ அந்தப் பக்கமா நட. அவரு நின்னா, எல்லாம் முடிஞ்சதும் எங்கிட்ட சொல்லு. இல்லன்னா, கூட்டத்துல தெரியலன்னு சொல்லிடு. நான் நம்பிக்கிறேன்."

ரோஷெல் சரி என்றாள். வேறு என்ன சொல்ல முடியும்?

மறுநாள் மாலை சங்கக் கூட்டத்தில், தானே நடுத்திட்டுப் பக்கம் நடப்பதாக எல்லார் முன்னாலும் சொன்னாள். நல்ல பக்கமாகப் பார்த்துப் பிடித்துக்கொண்டாயாடி, ஊர்வல வண்டியிலிருந்து மணிமாலை எறிகிறவன் எல்லாம் உன்னைப் பார்த்துத்தான் எறியப்போகிறான் என்று ஒடெஸ்ஸா வம்புக்கு இழுத்தாள். எல்லாரும் சிரித்தார்கள். ரோஷெல்லும் சிரித்துவைத்தாள். தண்ணீர்ப் புட்டிகளை யார் சுமப்பது, மாத்திரைப் பை யார் கையில் என்று பேசி முடித்துவிட்டு வண்டிக்கு வந்தாள்.

ஷனீஸ் பயிற்சியில் இருந்தாள், வண்டியில் வேறு யாரும் இல்லை. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, சாவியைத் திருப்பாமல், "கூட்டத்துல தெரியல கண்ணு," என்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தாள். குரல் அவளைக் காட்டிக்கொடுத்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொரு தரம் சொன்னாள். எவ்வளவு ஜனம் தெரியுமா, ஏணி வேறு மறைத்தது என்று சேர்த்துச் சொன்னபோது கொஞ்சம் பரவாயில்லாமல் வந்தது. மைதானத்திலிருந்து மகள் வந்து கதவைத் திறக்கும்வரை அவள் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தாள்.