காலி ஃபில்டர்

விடிவதற்குள் இன்னொரு வேனை முடித்தாக வேண்டும். வெல்டர் மல்லாந்து படுத்தபடி புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் ஃபில்டர் பெட்டியைக் கழற்றினார். கழுத்திலும் மூக்கிலும் கரி கொட்டியது. பெட்டியை அறுத்து, உள்ளே தேன்கூடு மாதிரி இருந்த பீங்கானைச் சுத்தியலால் நொறுக்கிக் கொட்டிவிட்டு, வெறும் பெட்டியைப் பற்றவைத்து மாட்டினார். பற்றவைத்த தடம் தெரியாமல் தேய்ப்பதில் ஆள் கில்லாடி. வண்டிகளைச் சோதிக்க வரும் பரிசோதகர் குனிந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்காகத்தான் தெரியும்.

பார்சல் கம்பெனி முதலாளி வாங்கும் மலிவான கலப்பட டீசலில் ஃபில்டர் அடிக்கடி அடைத்துக்கொண்டது. நல்ல டீசல் போடுவதைவிட ஃபில்டரின் குடலை உருவுவது அவருக்கு லாபம். கரியில் கண்ணுக்குத் தெரியாத தூள்தான் நெஞ்சுக்குள் இறங்கும் என்பது வெல்டருக்குத் தெரியும். வேன்கள் இன்ஜினை அணைக்காமல் நிற்கும் பார்சல் கூடத்தில்தான் அவர் மனைவி பெட்டி அடுக்குகிறாள் என்பதும் தெரியும். புகை காற்றோடு போய்விடும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். பாழாய்ப்போன சமாதானம்!

அன்று காலை கூடத்தில், பாடிக்கொண்டே பெட்டி அடுக்கும் பாட்டுக்கார அக்கா மூச்சு கிடைக்காமல் சுருண்டு விழுந்தாள். அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, பெண்கள் முதலாளியை மறித்தார்கள்.

"அந்தம்மாவுக்கு முன்னாடியே இழுப்பு இருந்திருக்கும். என் வண்டியில எல்லாம் ஃபில்டர் இருக்கு. வேணும்னா வெல்டரையே கேளுங்க."

எல்லோரும் திரும்பினார்கள். மனைவியும் நம்பிக்கையோடு பார்த்தாள். அந்தப் பார்வைதான் அவரைக் கொன்றது.

"பெட்டி இருக்கு. உள்ள ஒண்ணும் இல்ல. நான்தான் உடைச்சு எடுத்தேன்."

"உனக்கு வேலை வேணாமா?" என்று முதலாளி சீறினார்.

மனைவி முதலாளி பக்கமே திரும்பவில்லை.

"ராத்திரியெல்லாம் நான் இருமுறப்ப முதுகைத் தடவி விட்டீங்களே… தெரிஞ்சேவா?" என்று புருஷனைக் கேட்டாள்.

வெல்டர் அறுக்கும் மிஷினை எடுத்துக்கொண்டு வேனுக்கு அடியில் புகுந்தார். விடிவதற்கு முன் தானே மூடிய பெட்டியை அறுத்து வெளியே தள்ளினார். சுமை தூக்குபவர் ஒருவர் அதைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார்.

டிரைவர்கள் ஒவ்வொருவராக இன்ஜினை அணைத்தார்கள்.

"ஃபில்டர் மாட்டி, நல்ல டீசல் ஊத்துற வரைக்கும் ஒரு பெட்டியும் ஏறாது" என்றாள் மனைவி.

"ஃபில்டர் என்ன சும்மாவா வருது?"

"எங்க நெஞ்சு மட்டும் சும்மா வந்துச்சா?"

முதலாளி பெட்டி ஏற்ற வெளியாட்களைக் கூப்பிடப் போனை எடுத்தார். வேன்களை மறித்து எல்லோரும் வாசலில் உட்கார்ந்தார்கள். வெல்டர் மட்டும் தயங்கி நின்றார். மனைவி சற்று நகர்ந்து இடம் விட்டாள்.

"மன்னிச்சிட்டேன்னு நெனைக்காதீங்க. வந்து உக்காருங்க."