மோட்டருக்குக் கட்டிய பட்டு

ஆயுதபூசைக்குப் பொட்டு வைக்காத மெஷின் பலாங்கொடை மலையில் எந்தத் தேயிலை ஃபெக்டரியிலாவது உண்டா? கொழுந்து வாட்டும் காற்றாடியின் மோட்டரைப் பார்த்துக்கொண்ட கன்னையா அதற்குச் சந்தனம் பூசினான். அவன் மனைவி ஜெயம்மா ஒருபடி மேலே போய், தன் கல்யாணப் பட்டையே மடித்து அதைச் சுற்றிக் கட்டிவிட்டாள். இரண்டு பிள்ளைகள் வயிற்றில் தங்காமல் போய், இப்போது அவளுக்கு ஏழு மாதம்.

"சோறு போடுற சாமிங்க. இந்தப் புள்ளைய அதுதான் காப்பாத்தணும்" என்று கும்பிட்டாள்.

மறுநாள் மறுபூசை முடிந்துதான் பட்டை அவிழ்க்க வேண்டும். அதற்குள் ஃபெக்டரிப் பொறுப்பாளரான டீமேக்கர் பஞ்சலிங்கம் வந்து கத்தினார். "கொழுந்து அவியுதடா, மோட்டரைப் போடு!"

பூசை முடியாமல் பட்டில் கைவைக்கக் கன்னையாவுக்கு மனம் வரவில்லை. கட்டியபடியே சுவிட்சைப் போட்டான். பாவி மனுஷன், அவிழ்த்துத் தொலைத்திருக்கக் கூடாதா! கொஞ்ச நேரத்தில் குப்பென்று புகை வந்து மோட்டர் நின்றது. கருகிய பட்டைப் பிய்த்து ஓடையில் எறிந்துவிட்டு, கோயிலுக்குக் கொடுத்ததாக ஜெயம்மாவிடம் சொன்னான்.

மோட்டர் திருத்தும் நுஹ்மான் பாஸ் இரத்தினபுரியிலிருந்து வந்து கழற்றிப் பார்த்தார்.

"தூசி, ஈரம், எண்ணெய் காஞ்ச பெயாரிங், ஒரு லைன் விட்டுப்போன கரண்ட், இதுகள்லதான் மோட்டர் எரியும். இது அப்பிடியில்ல தம்பி. காத்துப் போற ஓட்டைய அடச்சிருக்கு. உள்ளுக்கு சரிகை நூல் கருகிக் கிடக்கே?"

கன்னையா அவரை அண்ணன் முறையில் அழைத்துக் கையைப் பிடித்துக்கொண்டான். "நானா, பெயாரிங்குன்னு சொல்லிருங்க. நாந்தான் எண்ணெய் ஊத்தலன்னு சொல்லுங்க. அது எம் பொஞ்சாதி கட்டுன பட்டு. தன் பூசைதான் எரிச்சிருச்சுன்னு தெரிஞ்சா, இந்தப் புள்ளையும் தங்காதுன்னு அவ ஒடஞ்சு போயிருவா."

"அல்லாவே! உன்ட வேலை போயிருமே!"

"போகட்டும் நானா."

நுஹ்மான் அப்படியே தோட்டத்து மேனேஜர் துரையிடம் சொன்னார். பட்டைக் கண்ணால் பார்த்த பஞ்சலிங்கம் வாயே திறக்கவில்லை, அவசரப்படுத்தியவர் அவரல்லவா? கன்னையாவின் வேலையும் போயிற்று, குடியிருந்த லயத்துக் காம்பராவும் போயிற்று.

ஜெயம்மா பெட்டி கட்டிக்கொண்டே வெடித்தாள். "ரெண்டு சொட்டு எண்ணெய் ஊத்த ஒங்களுக்குக் கை வரலியா? நான் சாமி கும்பிட்டுக் காப்பாத்துன வேலைய நாசமாக்கிட்டீங்களே!"

"ஆமா புள்ள. மறந்துட்டேன்."

அரநாயக்கத் தோட்டத்திலுள்ள தாய்வீட்டுக்கு அவள் கிளம்பிவிட்டாள். பஸ்ஸடியில் அவன் கெஞ்சினான். "கொழந்த பொறந்தா சொல்லி அனுப்பு."

"வேணாம். ஒங்க சோம்பேறி மொகத்துல எம்புள்ள முழிக்க வேணாம்."

அவன் அவளுக்கு முன்னால் பஸ்ஸில் ஏறி, குலுக்காத இடமாகப் பார்த்து சீட் பிடித்துக் கொடுத்துவிட்டு இறங்கிக்கொண்டான்.